பதினேழாம் எண்

கழுத்தில் ரேடியோப் பட்டை கட்டிய லெச்வே மான்களைக் கணக்கெடுக்க, பாங்வேலு சதுப்பில் முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தான் கசூபா. பட்டைகளின் சிக்னலைப் பிடிக்கும் பெட்டி கையில் டொக் டொக் என்றது.

"எந்த நம்பருடா?" என்றான் தோணியிலிருந்த ம்விலா.

"பதினேழு."

"காலையிலேயே சரக்கு ஏத்திட்டியா? அந்தப் பட்டை உன் குடிசையில ஆணியில தொங்குது. அதுல பேட்டரிகூட கிடையாது."

கசூபா பெட்டியைக் காதருகே பிடித்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் நாணல் ஓரத்தில் ஒரு கம்பிக் கண்ணியைப் பார்த்தான். தோணி கிளம்பும் அவசரம், நாளைக்கு அறுத்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டான். மறுநாள் பதினேழு அதில் செத்துக் கிடந்தது. சினை மான். பட்டையைக் கழற்றியதும் அவன்தான்.

"பெட்டி ரிப்பேருடா. மீன் ஆறுது, ஏறு."

"நீ தின்னு. வந்துடறேன்."

சத்தம் கூடிய பக்கமே நடந்தான். அதே நாணல் ஓரம். புதுக் கம்பிக் கண்ணி ஒன்று காலியாக இருந்தது. அறுத்தான். பெட்டி அடங்கிவிட்டது.

சேற்றில் குளம்புத் தடங்கள் கண்ணிவரை வந்திருந்தன. பக்கத்திலேயே சின்னக் குளம்புகள். இரண்டிலும் தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை.