பாத்துட்டுச் சொல்றேன்

“யாருங்க இப்படி எழுதினது?”

கோபிசெட்டிபாளையத்தில் தன் வீட்டில் உட்கார்ந்தபடி வீடியோ காலில் குதித்தார் கிருபாசங்கர். பீளமேட்டு பம்புசெட் கம்பெனி ஒன்றில் டீம் லீடர். திரையில் ஜெனிதா, ஆரோக்கியதாஸ், தம்பிதுரை மூவரும், ஆளுக்கொரு ஊரிலிருந்து, திருதிருவென்று விழித்தார்கள்.

‘ஆர்டர் வந்தும் மோட்டார் கிளம்பத் தாமதம் ஏன்? பேர் போடாமல் மனம்விட்டு எழுதவும்’ என்று ஆன்லைன் போர்டில் கேட்டது சாட்சாத் அவரேதான். ஒட்டப்பட்ட மஞ்சள் சீட்டுகளில் ஒன்று சொன்னது:

‘எதைக் கேட்டாலும் பாத்துட்டுச் சொல்றேன்னு கெடப்புல போடற ஆளை மொதல்ல மாத்தோணுமுங்க.’

திட்டினாலும் ‘ங்க’ போட்டுத் திட்டும் ஊர். மரியாதையில் குறை சொல்ல முடியாது.

“நாலு மணிக்கு முதலாளி இதைப் பாப்பாருங்க. அதுக்குள்ள எழுதின ஆள் ஒத்துக்கோணும். இல்லாட்டி மூணு பேருமே டீம்ல இருக்க மாட்டீங்க!”

வீடியோ கால் முடிந்ததும் தனியாக மெசேஜ் வந்தது. ஜெனிதா.

“நான்தானுங்க சார். மத்தவங்களை விட்டுருங்க.”

‘சிக்கிட்டியா!’ என்று கிருபாசங்கர் மீசையைத் தடவுவதற்குள் ஆரோக்கியதாஸ்.

“எழுதினது நானுங்க. ஜெனிதாவைச் சந்தேகப்படாதீங்க.”

அப்புறம் தம்பிதுரை. “அதுக ரெண்டும் சின்னப் புள்ளைக. நான்தானுங்க சார்.”

ஒரு சீட்டுக்கு மூன்று பேரா? தலை சுற்றிப்போய், கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கும் பிரவீனாவுக்குப் போன் போட்டார்.

“சார்... அது உங்க லேப்டாப்புல இருந்துதானுங்க வந்திருக்கு.”

“அந்தச் சீட்டு என் லேப்டாப்புல இருந்தா?” என்று அவர் கத்தியதில் சமையலறையிலிருந்து மனைவி ரித்திகா எட்டிப் பார்த்தாள்.

“அதுங்களா? நீங்க குளிக்கப் போனப்ப நான்தான் எழுதிப்போட்டேனுங்க. மனம்விட்டு எழுதச் சொல்லியிருந்துச்சு. நம்மூட்டுத் தண்ணி மோட்டார் புகைஞ்சு ஒரு மாசமாச்சு. கேட்டா, பாத்துட்டுச் சொல்றேங்கறீங்க. நான் கொடத்தைத் தூக்கிட்டுப் பக்கத்தூட்டுக்கு நடக்கறேன்!”

பம்புசெட் கம்பெனிக்காரர் வீட்டில்!

கிருபாசங்கர் மூன்று மெசேஜையும் மறுபடி படித்தார். மூவரில் ஒருவரும் எழுதவில்லை. கூட இருப்பவரைக் காப்பாற்றத்தான் ஆளாளுக்குப் பழியை ஏற்றிருக்கிறார்கள். ஆனால், ‘சார் அப்படிப்பட்டவர் இல்லீங்க’ என்று மட்டும் ஒருத்தர் வாயிலும் வரவில்லை. அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

நாலு மணி ஆகப்போகிறது. ஜெனிதாவிடமிருந்து மறுபடி மெசேஜ்.

“சார், முதலாளி பாக்கறதுக்குள்ள அந்தச் சீட்டை எடுத்துடட்டுங்களா?”

‘பாத்துட்டுச் சொல்’ வரைக்கும் விரல் தானாக அடித்துவிட்டது. பதறிப்போய் அழித்தார்.

“வேண்டாம் அம்மணி. கீழ என் பேரைப் போட்டுடு.”