சாக்பீஸ் ஜீப்

பழைய ஜீப்பின் தரைத்தகட்டை வெட்டுவதற்கு முன்னால், மெக்கானிக் யாகூப் அதன் உட்புறத்தைப் பட்டறைத் தரையில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்துவிடுவார். கோட்டுக்குள் நாற்காலி போட்டு ஓட்டப்போகிறவரை உட்காரவைத்தால், பெடலை எங்கே மாற்றிப் பொருத்துவது என்று அவர் காலே சொல்லிவிடும். இன்று உட்கார்ந்திருந்தவர் தனபாலன். சர்க்கரை நோயில் பாதங்கள் மரத்துப்போனவர். பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி வசுமதி. வண்டி தயாரானதும் முதலில் அவளைத்தான் மலைப்பாதையில் கூட்டிப்போகப்போகிறார். "பெடலைக் கொஞ்சம் உசத்திட்டா எல்லாம் சரியாப் போயிடும்," என்றார் தனபாலன். இந்த ஜீப்பின் பிரேக்கில் மாயம் ஒன்றும் இல்லை. கால் பெடலைத் தள்ளும், பெடல் எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் குழாய் வழியே ஓடி நான்கு சக்கரங்களிலும் பிரேக்கைப் பிடிக்கவைக்கும். காலின் அந்தத் தள்ளல் வராவிட்டால் மற்றதெல்லாம் சும்மா கிடக்கும். யாகூப் குந்தி உட்கார்ந்து, பெடல் வரவேண்டிய இடத்தில் தன் உள்ளங்கையை நிறுத்திவைத்தார். "இதுதான் பிரேக். அக்கா, வழியில ஏதாச்சும் வருதுன்னு சொல்லுங்க." "இவர் ஓட்டுறார்னு தெரிஞ்சா எது வரும்? எல்லாம் ஓடிப்போயிருக்கும்," என்றாள் வசுமதி. ஆனால் அவள் கைகள் நாற்காலியின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தன. பிறகு சட்டென்று, "மாடு" என்றாள். "மிதிச்சாச்சு. வண்டியும் நின்னாச்சு," என்று சிரித்தார் தனபாலன். யாகூப்பின் உள்ளங்கையில் எதுவும் படவில்லை. அவர் கையை எடுக்காமலே வசுமதியை நிமிர்ந்து பார்த்தார். "அக்கா, இன்னொரு தடவை சொல்லுங்க."