பேட்டரிமேல் ஒரு நட்

மூன்றாவது முறையாக அந்தப் பழைய காரில் மின்சாரம் அடியோடு நின்றுபோனது. எலக்ட்ரீஷியன் பானெட்டைத் திறந்தார். பேட்டரியில் குறையில்லை. வயரைப் பிடிக்கும் நட்டை யாரோ கழற்றிப் பேட்டரிமேல் வைத்திருந்தார்கள்.

“யாரும்மா இதுல கை வெக்கிறது?”

“என் வீட்டுக்காரர் மட்டுந்தான் வெப்பாரு. அவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாச்சு,” என்றாள் காருக்குரியவள்.

எலக்ட்ரீஷியனுக்கு அவள்மேலேயே சந்தேகம் தட்டியது. நட்டை ஸ்பானரால் இறுக்கி, பானெட்டை மூடி, அவளை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அவசரமா எங்க?”

“பதினொரு மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எனக்குக் கல்யாணம்ண்ணே.”

தெருமுனைகூட வரவில்லை, கார் நின்றது. அவரே இறங்கிப் பானெட்டைத் திறந்தார். நட் கழன்று பேட்டரிமேல் இருந்தது. அவள் எட்டிப் பார்த்தாள்.

“நான் நடந்தே போறேங்க,” என்றாள், காரைப் பார்த்து.

வயர் தனியே தொங்க, ஹெட்லைட்டுகள் எரிந்தன. அவள் கண்ணுக்கு மறையும்வரை அணையவில்லை.