முட்டைக்கோஸ் பாத்தியில் ஒரு போர்

போர் தொடங்கிய வருஷம், எங்கள் வீட்டு முட்டைக்கோஸ் பாத்தியிலேயே போர்முனையை அமைத்துப் படமெடுத்தவன் நான். பாரிஸ் என்னைத் தயாரிப்பாளர் என்று அழைத்தது. பாத்தியைப் பறிகொடுத்த என் மனைவி வேறு மாதிரி அழைத்தாள்.

அந்தப் படம் ஓடிய என் சினிமாக் கொட்டகைக்கு மதாம் பெரோஷ் தினமும் வந்தாள். படத்தில் ஒரு சிப்பாய் சுடப்பட்டு விழும்போதெல்லாம் தேம்பினாள். அவள் மகன் போரில் செத்துப்போனான் என்று கேள்விப்பட்டதும் எனக்கு மனசு கேட்கவில்லை.

"மதாம், அது நிஜப் போர் இல்ல. எங்க தோட்டத்துல எடுத்தது. அந்தப் பையன் உங்க மகன் இல்ல, கூலிக்கு நடிச்சவன்."

"தெரியும், முசியே. கூலிக்கு நடிச்சதே என் மகன்தான். அதுக்கப்புறம்தான் பட்டாளத்துக்குப் போனான்."

ஊரையே நம்பவைத்த நான் தொப்பியைக் கழற்றினேன். அவளே தொடர்ந்தாள்.

"விழுந்தவன் சிரிப்பை அடக்க முடியாம எழுந்துட்டானாமே? நீங்ககூடத் திட்டினீங்களாம். வீட்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். அந்த இடத்த ஒரே ஒரு தடவ காட்டுங்க. அவன் எழுந்திருக்கிறத பாத்துட்டு, இனிமே வரமாட்டேன்."

செத்தவன் எழுந்தால் போரை யார் நம்புவார்கள் என்று, அந்தப் படச்சுருள் துண்டை அன்றைக்கே வெட்டி எறிந்திருந்தேன்.