முதல் வரிசை நாற்காலி

விழா ஏற்பாட்டு நிறுவனத்தில் பயிற்சிக்கு வந்த கல்லூரி மாணவி இலக்கியாவுக்கு, ஒரு பெரியவரின் அறுபதாம் கல்யாணத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று போனில் கேட்டு எழுதும் வேலை.

"நான் வரல. அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க," என்று வைத்துவிட்டான் மகன்.

விழா அன்று காலையில் மாலையும் கழுத்துமாக நின்ற பெரியவர், "என் பையன் என்னம்மா சொன்னான்?" என்று கேட்டார். "வந்துட்டே இருக்காருங்கய்யா," என்றாள். முதல் வரிசையில் அவன் பெயர் ஒட்டி ஒரு நாற்காலியும் போட்டாள்.

முகூர்த்தம் முடிய ஐந்து நிமிஷம்தான் இருந்தது. பெரியவர் தாலியைக் கையில் பிடித்தபடி வாசலையே பார்த்தார்.

"கட்டுங்களேன், எல்லாரும் பார்க்கிறாங்க."

"பொறுடி. பத்து வருஷம் பேசாதவன் வர்றேன்னு சொல்லியிருக்கான். அந்தப் பொண்ணுதான் சொல்லிச்சு."

தாலிக்குக் குனிந்திருந்த தலையை மனைவி நிமிர்த்தினாள். இப்போது அவளும் வாசலைப் பார்த்தாள்.