அவங்கதான் பார்க்கணும்

“அரியலூர்லேருந்து சென்னைக்கா! குழந்தைக்கு என்ன பண்ணுது?” என்று கேட்டார் அரசு மருத்துவமனைக் குழந்தைகள் இதயப் பிரிவு சிஸ்டர்.

“சாப்பாடு இறங்கலைங்க. தூக்கத்துல திடுக்குனு எழுந்து அழுவுது. இதுக்கு அங்க டாக்டர் இல்லீங்க,” என்றான் சகாய ஆனந்த். ஒன்றரை வயது மகள் அவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

சிஸ்டர் சீட்டில் எழுதிக்கொண்டார். “உங்களுக்கு யோகந்தான். பெரிய டாக்டரே இருக்காரு, ரெண்டாம் ரூமுக்குப் போங்க.”

“வேணாங்க. மூணாம் ரூம் லேடி டாக்டர் இருக்காங்களே, அவங்கதான் பார்க்கணும்.”

“அவங்க ஃபெலோஷிப்புக்கு வந்தவங்க சார், இன்னும் படிச்சிக்கிட்டு இருக்காங்க. அந்த லைன்ல அம்பது பேர் நிக்கிறாங்க.”

“பரவாயில்லைங்க, நிக்கிறேன்.”

இரண்டரை மணி நேரம் நின்றான். உள்ளே போனபோது டாக்டர் தலை நிமிரவில்லை. முந்தைய குழந்தையின் ஸ்கேனைப் பற்றி எழுதி முடித்துவிட்டு, இவன் சீட்டை இழுத்துப் படித்தார்.

“சாப்பாடு இறங்கலை, தூக்கத்துல அழுகை... எத்தனை நாளா?”

“நீ இங்க படிக்க வந்த நாள்லேருந்து, விண்ணரசி.”

பேனா நின்றது.

“உனக்கு லீவுதான் கிடைக்கல. எங்களுக்கு டோக்கன் கிடைச்சிது.”

விண்ணரசி மாஸ்க்கை இறக்கினாள். கண் விழித்த மகள் அவளை உற்றுப் பார்த்தாள்; பிறகு இரண்டு கைகளையும் நீட்டி அந்த வெள்ளைக் கோட்டின் மேல் அப்படியே சாய்ந்துகொண்டாள்.

“அடுத்த டோக்கனை அனுப்பவா டாக்டர்?” என்று சிஸ்டர் எட்டிப் பார்த்தார்.

“இருங்க சிஸ்டர்,” என்றாள் விண்ணரசி, மகளை உச்சி முகர்ந்தபடி. “இந்தக் குழந்தைக்குக் கொஞ்சம் நேரமாகும்.”