எந்த நாணலை மேய்வது?

கோடையில் ஆறு வற்றிப்போய் ஒரே ஒரு குழியில் மட்டும் தண்ணீர் கிடந்தது. குழிக்கு இந்தப் பக்கம் ஒரு நாணல் புதர், அந்தப் பக்கம் ஒன்று. பொழுது விடிந்தால் சண்டைதான்.

"என் தண்ணியை எல்லாம் நீதான் உறிஞ்சிடறே" என்றது இந்தப் பக்கத்து நாணல்.

"உன் தண்ணியா? நான் வந்தப்புறம்தானே நீயே இங்கே முளைச்சே!"

இந்தப் பக்கத்து நாணலுக்குப் பொறுக்கவில்லை. அந்த வழியாக வந்த ஆட்டைக் கூப்பிட்டு, "அண்ணே, அதை அடியோட மேய்ஞ்சிடுங்க. இளங்குருத்து, நல்லா இருக்கும்" என்றது.

ஆடு வாய் வைக்கப் போனது. குழியோரம் வளை தோண்டிக்கொண்டிருந்த நண்டு, "கொஞ்சம் பொறு" என்று மணலை வாரித் தள்ளிக் காட்டியது. உள்ளே கட்டை விரல் கனத்தில் ஒரே வேர், இந்தப் புதரில் தொடங்கிக் குழியைச் சுற்றிக்கொண்டு அந்தப் புதரில் போய் முடிந்தது.

"அய்யய்யோ, அதுவும் நான்தானா!" என்றது இந்தப் பக்கத்து நாணல்.

இரண்டு புதர்களும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தன.

ஆட்டுக்கோ பசி. "அப்போ நான் யாரைத்தான் மேயறது?"

"அதோ, ஆத்துக்கு எதிர்க்கரையில நிக்கிற அந்தக் கோரையை" என்றன இரண்டும் ஒரே குரலில்.

நண்டு எதிர்க்கரைக்குப் போய் அங்கேயும் மணலைத் தோண்ட ஆரம்பித்தது.